முப்பது பிக்குல் நிலா

வெந்தய வாசனைக்கு வெட்கம் கிடையாது. ஒருமுறை வந்து ஒட்டிக்கொண்டால் போகாது. சட்டையில் ஏறும், முடியில் ஏறும், வியர்வைக்குள் புகுந்துகொண்டு மறுநாள் குளித்துவிட்டு வந்த உடம்பிலிருந்தும் எட்டிப் பார்க்கும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில், மலாக்காவில் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் கிடங்கில், ஓடும் பட்டையின் மேல் போய்க்கொண்டிருந்த மூட்டை ஒன்று வாய் பிளந்தது. மஞ்சள் மணிகள் சிமெண்டுத் தரையெங்கும் ஓடின. வாசனை எழுந்த வேகத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கையில் பட்டைக்கோடு படிக்கும் கருவியோடு நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"என்னக்கா, மூட்டை உடைஞ்சா சிரிப்பு வருமா உங்களுக்கு?"

"இந்த வாசனையால ஒருத்திக்கு வேலையே போயிருக்கும் லா. அதை நெனைச்சேன்."

வாய் சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்னை விடவில்லை. தேநீர் வேளையில் கேட்டார்கள், லோரி வரக் காத்திருந்தபோது கேட்டார்கள், கடைசியில் பிரிவுபசார மலருக்கு எழுதித் தந்தே ஆகவேண்டும் என்று காகிதத்தைக் கையில் திணித்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதைக் கம்பெனி முதுமை என்கிறது. என் முழங்கால்கள் அந்தச் செய்தியை இன்னும் கேள்விப்படவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுதுவதென்றால் எனக்குப் பழைய பகை. ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது ஒரு கடையில் ஒரு பாக்கெட் சீரகம் விற்றால், அந்தச் செய்தி கம்பிக்குள் இறங்கி எங்கள் கிடங்குக்கு வருகிறது. கிடங்கின் கணினி மொத்த வியாபாரியின் கணினியிடம் சொல்கிறது. அது கப்பல்காரரின் கணினியிடம் சொல்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த எண் என்றால் அந்தச் சீரகம்தான். கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள் என்று பிள்ளைகள் வியக்கிறார்கள். கணினிக்கு ஏதம்மா கெட்டிக்காரத்தனம்? அதற்கு முன்னால் யாரோ நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கத்தி, கோபித்து, காப்பி குடித்து, "சரி, இதை இனிமேல் இப்படித்தான் சொல்வோம்" என்று தலையாட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு மேசையில் நானும் இருந்திருக்கிறேன். அன்றைக்குக் கணினி இல்லை. தந்தி இருந்தது. அதுவும் கம்பிக்குள் ஓடிய மின்சாரம்தான்.

சுதந்திரம் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த காலம். அப்பா பொதுப்பணி இலாகாவில் லோரி ஓட்டினார். காஜா பெராங்கில் வாடகை வீடு. கான்வெண்டில் படிப்பு, சாயங்காலத்தில் டைப்பிங் வகுப்பு, அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம். சான்றிதழில் மை காய்வதற்குள் ஜாலான் துக்காங் எமாஸில் ராவுத்தர் முதலாளியின் மளிகை மொத்தக் கடையில் டைப்பிஸ்ட் ஆகிவிட்டேன். கீழே மூட்டைகள், மேலே ஆபீஸ். மேலே என் சன்னல் வழியாகப் பிள்ளையார் கோயில் மணியும் வரும், பள்ளிவாசல் பாங்கும் வரும், நடுவில் கீழேயிருந்து மிளகாய் நெடியும் வரும். நான் தும்மிக்கொண்டே தட்டச்சு செய்தேன். என் முதல் மாதக் கடிதங்களில் தேவையில்லாத காற்புள்ளிகள் அதிகம்.

பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் நடந்தால் படிக்கட்டு சத்தம் போடாது. பூனைகூட அவரிடம் அனுமதி கேட்டுத்தான் மூட்டைமேல் ஏறும். கோபித்தால் குரல் உயராது, தாழும். இன்னும் கோபித்தால் "நீர்" என்பது "நீங்கள்" ஆகும். "நீங்கள்" என்று அவர் தொடங்கினால் ஆபீஸில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதுபோல் இருக்கும்.

தந்தி எழுதுவதில்தான் அவருடைய முழு மேதைமையும் இருந்தது. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். செல்லத்துரை சார் ஒரு சொல்லைச் செலவழிப்பது, தன் பல் ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பது மாதிரி. முதலில் விஷயத்தை முழுதாக எழுதுவார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு சொல்லாக அடிப்பார். "அன்புடன்" முதலில் போகும். "தயவுசெய்து" அடுத்தது. "உடனே" கொஞ்சம் மன்றாடிப் பார்க்கும், அதுவும் போகும்.

"பாவம் சார், 'தயவுசெய்து' இருக்கட்டுமே" என்றேன் ஒருமுறை.

"பிள்ளை, வெட்டின சொல் ஒரு நாளும் அழாது. தயவைக் கடுதாசியிலை காட்டுவம். இது தந்தி."

மிஞ்சியதை நான் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, சைக்கிளில் தந்தி ஆபீசுக்குக் கொண்டுபோவேன். எங்கள் சரக்கு பினாங்கிலிருந்து வந்தது. அங்கே மொத்தக் கடைக்காரர்களுக்குத் தமிழ்தான் வசதி, தந்திக்கோ ஆங்கில எழுத்துத்தான் தெரியும். ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவோம். எழுத்துக்கூட்டு அவரவர் காதைப் பொறுத்தது. ஒருவர் காதும் இன்னொருவர் காதும் ஒன்றல்ல என்பதை யாரும் யோசிக்கவில்லை.

தந்தி ஆபீஸ் கவுண்டரில் சிவகாமி இருந்தாள். என் வயது. ஊரெல்லாம் அவளுக்குக் காமி. கம்போங் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வந்து தமிழை மறந்த வம்சம். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயாச் சட்டை, கொண்டையில் வெள்ளி ஊசி, வாயில் மலாய். பரம்பரை பரம்பரையாக அவர்கள் வீட்டுப் பேச்சு அதுதான். "சாமிக்குத் தமிழ் தெரியும், எனக்குத் தெரியாது. சாமி சமாளிச்சுக்கும்" என்பாள். அவள் சொன்னதையெல்லாம் நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த மலாயின் துள்ளலை என்னால் எழுத முடியாது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இயந்திரம். உள்ளே தடதடவென்று அது அடிக்கும்போது காமியின் விரல்களும் மேசைமேல் சேர்ந்து அடிக்கும். வேலை நிரந்தரமானதும் பினாங்குக்கு அனுப்பி அந்த இயந்திரத்தில் பயிற்சி கொடுப்பார்கள். இன்னும் சில மாதம்தான். "அப்புறம் நான் தாளை வாங்கிப் போடறவ இல்லை, அமிர்தம். நான் தட்டினா அங்கே பினாங்குல எழுத்து விழும்!" என்று, ஏதோ வானத்திலிருந்து பூ விழுவது மாதிரிச் சொல்வாள்.

நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் காய்ந்த மிளகாய் தீர்ந்துபோய், அரவை மில்காரர் தினமும் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். செல்லத்துரை சார் பென்சிலை எடுத்தார். அடித்து அடித்து மூன்றே சொல்லில் கொண்டுவந்து நிறுத்தினார்: அனுப்பு, மிளகாய், முப்பது. அவர் காதில் மிளகாய் "மெலகாய்" என்று கேட்கும்போலிருக்கிறது. எம், ஈ, எல், ஏ, கே, ஏ, ஐ என்று எழுதினார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன், காமியிடம் கொடுத்தேன், அவள் முத்திரை குத்தினாள், நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சரக்கு வந்த காலையில் கப்பலிலிருந்து தொங்காங் படகுகள் ஆற்றுக்குள் வந்து நின்றன. முதல் மூட்டை கடைக்குள் இறங்கியதுமே எனக்கு ஏதோ தப்பென்று தெரிந்தது. எனக்குத் தும்மல் வரவில்லை.

ராவுத்தர் முதலாளி பெரிய மனிதர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் குத்தூசியை மூட்டைக்குள் விட்டு இழுத்தார். உள்ளங்கையில் மஞ்சள் மணிகள்.

"அட அல்லா! வெந்தயம்!"

அடுத்த மூட்டை. வெந்தயம். அதற்கடுத்தது. வெந்தயம்.

"முப்பது மூட்டையுமா?" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "மலாக்காவில இருக்கிற மாமியார் எல்லாம் ஒண்ணு சேர்ந்து ஊறுகாய் போட்டாலும் என் பேரன் கல்யாணம் வரைக்கும் வருமே! கிராணியார்! கீழே வாங்க! உங்க மிளகாய் வந்து எறங்கியிருக்கு, காரத்தைக் கொஞ்சம் பாருங்க!"

செல்லத்துரை சார் வந்தார். ஒரு மணியை எடுத்து மோந்தார். "நீங்கள்..." என்று தொடங்கி, யாரைச் சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

பினாங்குக்கு டிரங்க் கால் போட்டோம். கரகரவென்ற கம்பிக்குள்ளிருந்து அந்தக் கடைக்காரர் கத்தினார்: "நீங்க சொன்னதைத்தாங்க செஞ்சோம்! 'அனுப்பு, மலாக்கா, முப்பது.' மலாக்காவுக்கு முப்பது அனுப்புன்னு இருக்கு. என்ன சரக்குன்னு இல்லை. உங்க போன கடுதாசியில வெந்தயம் ஒண்ணுதான் விலை கேட்டிருந்தீங்க. அதான் போலிருக்குன்னு அனுப்பிட்டோம். கேக்கலாம்னு நெனைச்சோம், நீங்க அவசரம்னீங்க!"

"நான் அவசரம் எண்டு எழுதேல்லை" என்றார் செல்லத்துரை சார் புண்பட்ட குரலில். "அந்தச் சொல்லை நான் வெட்டினனான்."

நானும் அவரும் தந்தி ஆபீசுக்குப் போனோம். அவர் முன்னால் தொப்பியோடு, நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எங்கள் இருவர் உடம்பிலும் வெந்தயம். வழியில் ஒரு நாய் எங்களை ஆர்வமாகப் பின்தொடர்ந்தது.

காமி எங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள். செல்லத்துரை சார் மலாயில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, எங்கள் தந்தியில் "மலாக்கா" எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

"அதுவா? நான்தான்!" என்றாள் காமி. "ஊர்ப் பேரைத் தப்பா எழுதியிருந்தீங்க சார். மெ-ல-கா-யி! நானே சிரிச்சிட்டேன். இவ்வளவு பெரிய கிராணிக்குச் சொந்த ஊர்ப் பேர் எழுத வரலையேன்னு அங்கே பினாங்குல கேலி பண்ணுவாங்களேன்னு, மலாக்கான்னு சர்க்கார் எழுத்துப்படி திருத்தி அனுப்பினேன். ஒரு நன்றிகூடச் சொல்ல வரலையே இவங்கன்னு நேத்துதான் நெனைச்சேன்!"

எனக்குச் சிரிப்பா அழுகையா எது முதலில் வரும் என்று தெரியவில்லை. மிளகாயை ஊராக்கிவிட்டாள்! தமிழ் தெரிந்திருந்தால் திருத்தியிருக்க மாட்டாள். மலாக்காக்காரியாக இல்லாதிருந்தால் திருத்த வேண்டுமென்றே தோன்றியிருக்காது.

செல்லத்துரை சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். ஆபீசுக்கு வந்து, தந்தி ஊழியர் செய்தியை மாற்றிவிட்டார் என்று போஸ்ட்மாஸ்டருக்குப் புகார் எழுதினார். ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

தந்தி ஊழியர் செய்தியில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அது அவர்களுடைய முதல் சட்டம். காமியோ இன்னும் நிரந்தரமாகாதவள். திங்கட்கிழமை விசாரணை என்று தாள் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் நான் போனபோது அவள் சிரித்தாள்தான். ஆனால் உள்ளே இயந்திரம் தடதடத்தபோது அவள் விரல்கள் அடிக்கவில்லை.

"அந்தக் கதவு போச்சு, அமிர்தம்" என்றாள். "இனிமே பாசார்ல கேக் விக்க வேண்டியதுதான். அதுல எழுத்தே கிடையாது, பயமில்லை."

நான் ஆபீசுக்கு வந்து நேராகப் பெரிய கிராணியின் மேசைமுன் நின்றேன்.

"சார், அந்தக் கடுதாசியைத் திருப்பி வாங்கிடுங்க."

"ஏன்?"

"அவ நல்லது நெனைச்சுத்தான் செஞ்சா."

"அது எனக்கும் தெரியும், பிள்ளை. நான் கோபத்திலை எழுதேல்லை. இண்டைக்கு இவள் திருத்தினாள். நாளைக்கு வேறை ஒருத்தி திருத்துவாள். நான் மல்லி கேட்டு மல்லிகைப்பூ வந்து இறங்கும்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்தால் உண்மையாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம். "இது இனி நடக்காது எண்டு எனக்குக் காட்டும். திங்கட்கிழமை நானே போய்க் கடுதாசியை வாபஸ் வாங்குறன். வெறும் கண்ணீரைக் கொண்டுவந்தால், ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காமியின் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. தகரக் கூரையில் அது அடித்த அடியில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. கத்திக் கத்தியே யோசித்தோம்.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டினா போதுமே!" என்று கத்தினேன்.

"போதாது! எனக்குத் தமிழ் தெரியாது. அங்கே இயந்திரத்துல இருக்கிறவன் சீனன். அவனுக்கும் தெரியாது. தெரியாத சொல்லைக் கை திருத்தத்தான் பார்க்கும்!"

"அப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்! மலாய்!"

"மலாயில 'லாடா'ன்னு எழுது பார்ப்போம். இங்கே ஒருத்தனுக்கு அது மிளகு, வடக்கே போனா மிளகாய். இந்தத் தடவை மிளகு வந்து எறங்கும்! நான் மறுபடியும் பாசார்ல!"

மழை விடவில்லை. பிறகு காமி, சலிப்போடு, தெருவைப் பார்த்து, "ஹூஜான், ஹூஜான், நாள் பூரா ஹூஜான். இதைப் பிடிச்சு மூட்டை கட்டி விக்கலாம்னா ஒரு கடைக்காரனும் வாங்க மாட்டான்" என்றாள்.

ஹூஜான் என்றால் மழை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். எந்தக் கடையும் விற்காத பொருள்! மழை என்று தந்தி போனால் யார் அதை மழை என்று நினைப்பார்கள்? யார் மழையை மூட்டை கட்டி அனுப்புவார்கள்? எல்லோருக்கும் தெரிந்த சொல், யாருமே விற்காத பொருள். திருத்தவும் முடியாது, குழம்பவும் முடியாது.

அந்த மழையிலேயே நாங்கள் வானத்தைப் பங்கு போட்டோம். பூலான், நிலா: காய்ந்த மிளகாய். ஹூஜான், மழை: மிளகு. ஆங்கின், காற்று: கொத்தமல்லி. எம்புன், பனித்துளி: சீரகம். காபுட், மூடுபனி: வெந்தயம். ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தில் சரியாக ஐந்தே எழுத்து. எழுத எழுத எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. மளிகைக் கடைக்கு மேலே இப்படி ஒரு வானம் இருப்பது அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே ராவுத்தர் கடையின் மேல்மாடியில் மேசை போட்டோம். ராவுத்தரைச் சம்மதிக்க வைப்பது சுலபம். கீழே முப்பது மூட்டை வெந்தயம் அவருக்காகப் பேசியது. சீன முதலாளி லிம் தவுக்கேயையும் கூப்பிட்டோம். ஆற்று வாயில் எல்லோருடைய சரக்கையும் இறக்குகிற ஏஜண்டு அவர். பூண்டு வியாபாரத்தில் ராவுத்தருக்குப் போட்டியும் அவரே. செல்லத்துரை சார் தள்ளி உட்கார்ந்து, பேசாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

நான் மூவரிடமும் ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "மிளகாயை ஆங்கில எழுத்துல எழுதுங்க" என்றேன். ராவுத்தர் "மொளஹா" என்று எழுதினார். செல்லத்துரை சார் "மெலகாய்". தமிழ் வாடிக்கையாளர்கள் சொல்லிக் கேட்டதை வைத்து லிம் தவுக்கே "முலாக்காய்" என்று எழுதிவிட்டு, மற்ற இரண்டு தாள்களையும் எட்டிப் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே சரக்கைத்தான் கேக்கிறோமா?" என்றார் மலாயில்.

மேசை குலுங்கச் சிரித்தார் ராவுத்தர். அதற்குப் பிறகு வானத்தை விற்பது கடினமாக இல்லை. சண்டை வேறு இடத்தில் வந்தது. லிம் தவுக்கே, கிராம்புக்கு "ஹூத்தான்" வைக்கலாம் என்றார். ஹூத்தான் என்றால் காடு. அதுவும் யாரும் விற்காததுதானே?

"கூடாது தவுக்கே" என்றாள் காமி. "ஹூஜான், ஹூத்தான், நடுவில ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இயந்திரக்காரன் கை கொஞ்சம் வழுக்கினா மழை காடாயிடும். எந்த ரெண்டு சொல்லுக்கும் ரெண்டு எழுத்தாவது வித்தியாசம் வேணும்."

"அது மட்டுமா?" என்றார் ராவுத்தர். "அதே எழுத்தை இடம் மாத்திப் போட்டா 'துஹான்' ஆகும். கடவுள்! கிராம்பைப் போய்க் கடவுளாக்கினா எனக்குப் பள்ளிவாசல்ல வேலை இருக்காது."

பெத்திர் என்கிற இடி, ஒருவரும் மறுக்காமல், பெருங்காயத்துக்குப் போயிற்று.

பிறகு, எண்ணுக்குப் பின்னால் போடவேண்டிய "மூட்டை" வந்தது. அதில்தான் காப்பி இரண்டாம் முறை வரவழைக்க வேண்டியதாயிற்று. ராவுத்தரின் மூட்டை வேறு, லிம்மின் மூட்டை வேறு, பினாங்குக்காரரின் மூட்டை இரண்டையும்விடப் பருமன். "என் மூட்டைதான் மூட்டை" என்று இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் செல்லத்துரை சார் முதல்முறையாக வாய் திறந்தார்.

"அந்தச் சொல்லை வெட்டுங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூட்டை எண்ட சொல்லே வேண்டாம். எண் மட்டும் போட்டால் அது பிக்குல். சாக்கு நீங்கலாக நூறு கட்டி எடை, ஆர் அனுப்பினாலும். ஒரு சொல்லும் மிச்சம், ஒரு சண்டையும் மிச்சம்."

நூறு கட்டி சேர்ந்தது ஒரு பிக்குல், சுமார் அறுபது கிலோ, ஒரு ஆள் தோளில் சுமக்கிற பாரம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. உட்கார்ந்துவிட்டார்கள். செல்லத்துரை சார் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார். அந்தச் செருகலைப் பார்த்ததும், புகாரைத் திரும்ப வாங்கிவிடுவார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. காமிக்கு அவரை அவ்வளவு பழக்கமில்லை. மேசைக்கடியில் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை விசாரணையில் செல்லத்துரை சார் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. தொப்பி கையில், முதுகு நேராக. போஸ்ட்மாஸ்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "சொல் என்னுடையது. எழுத்துக்கூட்டு எவருடையதும் அல்ல. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்." அவ்வளவே. மறுபடியும் தந்திக்காரராகிவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் எங்கள் வானத்தை மேலும் கீழும் பார்த்தார். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த நாட்கள்; புரியாத தந்தி என்றால் போலீசுக்கு மூக்கு வியர்க்கும்.

"இது ரகசிய பாஷையா?" என்று கேட்டார்.

"இல்லை துவான்" என்றாள் காமி. குரல் தெளிவாக இருந்தது. "ரகசியமா இருந்தா இது வேலை செய்யாது. எல்லாருக்கும் தெரிஞ்சாத்தான் வேலை செய்யும்."

அவர் பட்டியலின் ஒரு பிரதியைப் போலீசுக்கு அனுப்பச் சொன்னார், ஒன்றைக் கவுண்டரிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொன்னார். காமிக்கு ஒரு எச்சரிக்கை, இனி ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்று. வேலை தப்பியது. கதவும் தப்பியது.

பட்டியலைப் பினாங்குக்குத் தபாலில் அனுப்பி, அவர்கள் சரி என்று எழுதிய அன்றே முதல் தந்தி போயிற்று: அனுப்பு, பூலான், முப்பது. முப்பது பிக்குல் நிலா! பதில் வந்தபோது காமி அதை என்னிடம் கொடுக்காமல் கவுண்டரில் நின்றவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினாள்: "நிலா முப்பது, வெள்ளிக்கிழமை." பக்கத்தில் மணியார்டர் எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர், யாரோ கவிஞருடைய கல்யாணத் தந்தி போலிருக்கிறது என்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு முன்னெல்லாம் பினாங்கு எங்களுக்கு ஒரு சொல்லில் எழுதும், லிம்முக்கு இன்னொரு சொல்லில் எழுதும், எது எது என்று பார்த்து முடிப்பதற்குள் கப்பல் வந்து நின்றுவிடும். இப்போது ஒரே தந்தி, ஒரே சொல், இரண்டு இடத்துக்கும். கப்பல் வரும்போது தொங்காங் தயார், மில்காரர் தயார், என் தும்மலும் தயார். சுமைக்காரர்களும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். "டேய், நிலாவை நனைச்சிடாதே!" "மூடுபனி இன்னும் தீரலையா?" அந்த மூடுபனி தீர நெடுங்காலம் ஆயிற்று. ராவுத்தர், மிளகாய் வாங்கியவர்களுக்கெல்லாம் கைப்பிடி வெந்தயம் இனாமாகக் கொடுத்து, தானம் செய்த புண்ணியமும் தேடிக்கொண்டார்.

அடுத்த கடைகளும் பட்டியலைக் கேட்டு வாங்கின. பிறகு டெலக்ஸ் வந்தது, வேறு கம்பெனி வந்தது, கணினி வந்தது, நிலாவுக்குப் பதில் எண் வந்தது. ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றி நாலு பேர், ஒவ்வொரு முறையும் "என் மூட்டைதான் மூட்டை" என்கிற ஒருவர். நான் அவரைப் பார்த்ததும் காப்பிக்குச் சொல்லிவிடுவேன்.

அந்த விசாரணை நாளிலிருந்து காமி என்னை "மெலகாய்" என்றுதான் கூப்பிட்டாள். நான் அவளை "மலாக்கா" என்றேன். சுதந்திரக் கொடிகள் இன்னும் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு உத்தரவு வந்தது: வேலை நிரந்தரம், பினாங்கில் இயந்திரப் பயிற்சி. பஸ் நிலையத்தில் அவளோடு நின்றேன். புது கெபாயா, தகரப் பெட்டி, ஒரு கூடை நிறைய அவள் அம்மா கட்டிக்கொடுத்த பலகாரம். டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார்.

"மலாக்கா, மலாக்காவை விட்டுப் போறியே" என்றேன்.

அவள் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள். வழியெல்லாம் எதையோ உதட்டுக்குள் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தமிழர்கள் பிரியும்போது என்ன சொல்வார்கள் என்று யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள். போய்விட்டு வருகிறேன் என்பதற்கு, நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னாள்:

"நான்... போயிட்டு... வந்தேன்."

பிறகு கவலையோடு மலாயில் கேட்டாள்: "சரியா சொன்னேனா, மெலகாய்? தப்பா?"

"ரொம்பச் சரி" என்றேன். "ஒரு எழுத்தும் திருத்தமாட்டேன்."